கோட்டைக்காக ஒரு மன்னிப்பு ஒத்திகை

சமையலறை நடுவில் கார்த்திகா நிற்கிறாள். ஸ்கூல் பை இன்னும் முதுகில். ஒரு கால் சாக்ஸ் கணுக்காலுக்குச் சரிந்துவிட்டது. கையில் டைரி. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் துடிக்கிறது.

அவளைச் சுற்றி நாங்கள் மூன்று பேர்.

"டீச்சர் திட்டினாங்களா?" என்றேன் நான்.

"டிபன கொட்டிட்டியா?" என்றான் அண்ணன்.

"பாத்ரூம் வருதோ என்னமோ, கேளுங்க" என்றார் அப்பா, கூடத்து டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் "கி... கி..." என்றாள். கிளாஸா, கிஃப்டா, கிட்சனா என்று நாங்கள் அடுக்கினோம். இப்படி வார்த்தை எடுத்துக் கொடுப்பதற்குப் பெயர் உதவி என்று எங்கள் வீட்டில் மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தோம். டிவி நிகழ்ச்சியில் பஸ்ஸர் அழுத்துவது போல ஆளுக்கு ஒரு அழுத்து.

கடைசியில் நான் டைரியைப் பிடுங்கிப் படித்தேன். உங்கள் மகள் இரண்டாம் வகுப்பு 'ஏ' பிரிவின் கில்லாவை உடைத்துவிட்டாள், கேட்டதும் ஒப்புக்கொண்டாள், நாளை வந்து பார்க்கவும். கீழே மிஸ்ஸின் கையெழுத்து.

"ஒடைச்சியா?" என்றேன்.

கார்த்திகா என்னைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

கேஸ் முடிந்தது. பத்து நொடிகூட ஆகவில்லை.

அண்ணி மட்டும் எதுவும் கேட்கவில்லை. கீழே உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதுமே அப்படித்தான், எதற்கும் அவசரப்படாத மனுஷி. அந்த நேரத்தில் எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதல்முறை பார்க்கிறீர்கள் என்றால், நான் பவித்ரா. பி.காம். கஸ்டமர் கேர் வேலை. வீடு புனேயில் போபோடி, கட்கி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அண்ணன் பாலமுருகன் இப்போது அதே தொழிற்சாலையில். அம்மா இல்லை, நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டாள். அண்ணி கல்யாணமாகி செங்கம் பக்கத்திலிருந்து வந்தவர். அவர்கள் மகள்தான் கார்த்திகா, ஏழு வயது. இருபத்திரண்டு வயதில் என்னை ஒருத்தி 'அத்தை' என்று கூப்பிடுகிறாள் என்பதை ஆபீஸில் நான் யாரிடமும் சொல்வதில்லை.

கில்லா தெரியாதவர்களுக்கு: தீபாவளி வந்தால் புனேயில் பிள்ளைகள் மண்ணைக் குழைத்துக் கோட்டை கட்டுவார்கள். அதுதான் கில்லா. சுவர், வாசல், படிக்கட்டு, மேலே கடுகு தூவி முளைக்கவைத்த புல், அதன்மேல் வாளோடு நிற்கும் குட்டிக் களிமண் வீரர்கள். எங்கள் சந்திலேயே நாலு இருக்கும். ஸ்கூலில் வகுப்புக்கு வகுப்பு போட்டி. ஜட்ஜ் வருவதற்கு முதல் நாள் இரண்டாம் வகுப்பு 'ஏ' பிரிவின் கோட்டை ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. பக்கத்தில் கையெல்லாம் மண்ணோடு நின்றது எங்கள் வீட்டுப் பெண்.

மூன்று பாறாங்கல்

அண்ணனுக்கு ஷிஃப்ட். அண்ணிக்கு ஹிந்தி வராது. எனவே மறுநாள் ஸ்கூலுக்குப் போனது நான், ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு.

மிஸ் கெட்டவர் இல்லை. ஐம்பது பிள்ளைகளைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன சாதாரண டீச்சர். அவர் சொன்னது இதுதான்: யார் உடைத்தது என்று கேட்டேன், கார்த்திகா எழுந்து நின்றாள், எதுவும் சொல்லவில்லை, நீயா என்று கேட்டேன், தலையாட்டினாள். பரவாயில்லை, சின்னக் குழந்தை. ஆனால் மற்ற பிள்ளைகள் பத்து நாள் உழைத்திருக்கிறார்கள். தீபாவளி லீவு முடிந்து வரும் முதல் நாள், வகுப்பு முன்னால் நின்று இரண்டு வரி மன்னிப்புக் கேட்கட்டும்.

"முழுப் பேரும் சொல்லித்தானே மிஸ்?" என்று கேட்டேன்.

அதுதானே ரூல் என்றார்.

இந்த ரூலைப் பற்றிச் சொன்னால்தான் என் கடுப்பு புரியும். அந்த வகுப்பில் எதைச் சொல்வதானாலும் முதலில் எழுந்து நின்று முழுப்பெயர் சொல்ல வேண்டும். பதில் தெரியுமா, முழுப்பெயர். பென்சில் தொலைந்ததா, முழுப்பெயர். பாத்ரூம் போக வேண்டுமா, அதற்கும் முழுப்பெயர். தன்னம்பிக்கை வளருமாம்.

மராட்டிப் பிள்ளைகளுக்கு அது ஒரு மூச்சு. ரியா அமோல் ஷிண்டே. முடிந்தது. தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர், மூன்று கட்டத்துக்கு மூன்று பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கார்த்திகாவைச் சேர்க்கப் போனபோது மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் ரெண்டு நிமிஷம் யோசித்து அப்பா பெயரை எழுதிவிட்டான். அப்பாவுக்கு ஒரே பெருமை. இங்கே பாதித் தமிழ் வீடுகளில் இதே கதைதான். தாத்தாவெல்லாம் குடும்பப் பெயர் ஆகிவிட்டார்கள்.

ஆக எங்கள் பெண்ணின் முழுப்பெயர் கார்த்திகா பாலமுருகன் காத்தமுத்து.

நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றுமே நீளம். மூன்றுமே முதல் எழுத்தில் தொண்டையையோ உதட்டையோ பூட்டித் திறக்க வேண்டிய பெயர்கள். சரளமாகப் பேசுகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. திக்குகிற குழந்தைக்கு வழியில் மூன்று பாறாங்கல். வேறு எந்த வார்த்தையில் மாட்டிக்கொண்டாலும் பக்கத்தில் இருக்கிற வேறு வார்த்தைக்குத் தாவிவிடலாம். 'பந்து' வரவில்லை என்றால் 'அது' என்று கையைக் காட்டுவாள், பார்த்திருக்கிறேன். சொந்தப் பெயருக்கு எங்கே போய் வேறு வார்த்தை தேடுவது?

அன்றைக்கு மிஸ் இன்னொன்றும் சொன்னார். அவள் தண்ணீரே குடிப்பதில்லை, கவனித்தீர்களா என்று. வாட்டர் பாட்டில் தினமும் நிரம்பியபடியேதான் வீட்டுக்கு வரும். அண்ணி ராத்திரி அதைக் கவிழ்த்து ஊற்றும்போது, இவளுக்குத் தாகமே எடுக்காது போல என்று நினைத்திருக்கிறேன். குடித்தால் பாத்ரூம் வரும். பாத்ரூம் வந்தால் முழுப்பெயர் சொல்ல வேண்டும். ஏழு வயதில் அவள் போட்ட கணக்கு அது.

யெஸ் மிஸ்

இத்தோடு நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை.

வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று மிஸ் கேட்டார். தமிழ் என்றேன். வெளியே ஹிந்தி, மராட்டி, ஸ்கூலில் இங்கிலீஷ். அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இத்தனை மொழி இருந்தால் குழந்தைக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும், ஒன்றைக் குறையுங்கள் என்றார். எதைக் குறைப்பது என்று அவர் சொல்லவில்லை. யாரும் சொல்லத் தேவையும் இல்லை.

"யெஸ் மிஸ்" என்றேன். எப்போதும் எனக்கு வாய்தான் முந்தும்.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் மேல் ஒரு தாள் ஒட்டினேன். இனிமேல் கார்த்திகாவிடம் யாரும் தமிழ் பேசக் கூடாது, ஹிந்தி அல்லது இங்கிலீஷ் மட்டும். கீழே மூன்று கோடு வேறு போட்டேன். படித்தவள் நான்தானே. அண்ணன் சரி என்றான். அப்பாவுக்கு எந்த மொழியானாலும் டிவி ஓடினால் போதும்.

யோசிக்காத ஒரு விஷயம், அண்ணி.

அண்ணியின் ஹிந்தி மொத்தமும் கட்கி மார்க்கெட்டில் கற்றது. கித்னா, கம் கரோ, நஹி சாஹியே. எவ்வளவு, குறைத்துக்கொள், வேண்டாம். காய் வாங்க இது தாராளம். மகளிடம் பேச? முதல் வாரம் பாவம் முயற்சி செய்தார். "கார்த்திகா, கானா." "கார்த்திகா, நஹானா." சாப்பிடு, குளி. போலீஸ்காரர் உத்தரவு போடுவது மாதிரி ரெண்டு ரெண்டு வார்த்தை. பிறகு அதுவும் நின்றது. சீப்பைக் காட்டினால் கார்த்திகா வந்து உட்காருவாள். தட்டை வைத்தால் சாப்பிடுவாள். எண்ணெய் வைத்துத் தலையைப் பின்னும்போது ரெண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

வீட்டில் திக்கல் சத்தம் குறைந்தது. நான் அதை முன்னேற்றம் என்று அண்ணனிடம் சொன்னேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே கொட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. பேச்சே இல்லாத இடத்தில் திக்கல் எங்கிருந்து வரும்?

வசம்பு வகையறா

நடுவில் ஊர் வைத்தியம் வேறு. பக்கத்து வீட்டு மராட்டி ஆன்ட்டி, காகூ என்று கூப்பிடுவோம், வசம்பு கொண்டுவந்து தேனில் இழைத்து நாக்கில் தடவச் சொன்னார். செங்கத்திலிருந்து அண்ணியின் அக்கா போன் செய்து அதே வசம்பைச் சொன்னார். வேறு எதிலுமே ஒத்துப்போகாத ஊர்க்காரர்களும் வசம்பில் ஒத்துப்போவார்கள். அண்ணனோடு வேலை பார்க்கும் ஒருவர் வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொன்னார். நாக்குக்கு அடியில் இருக்கிற நரம்பை வெட்டினால் சரியாகிவிடும் என்று அப்பா எங்கேயோ கேட்டுவந்து சொன்னார். கார்த்திகா அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு வசம்பு தடவக்கூட வாயைத் திறக்கவில்லை.

ஒத்திகை

லீவு ஆரம்பித்ததும் நான் மன்னிப்பு வகுப்பு எடுக்கத் தொடங்கினேன். காலையில் அரை மணி, ஆபீஸிலிருந்து வந்து அரை மணி. போனில் ஒரு குறிப்பே வைத்திருந்தேன், எந்த வார்த்தையில் நிற்கிறாள், எதில் போகிறாள் என்று.

கொஞ்சம் விஷயம் பிடிபட்டது, பொய் சொல்லக் கூடாது. வாக்கியத்தின் நடுவைவிடத் தலையில்தான் அதிகம் மாட்டுகிறாள். வாக்கியம் நீளமானால் மோசம். ரெண்டு மூன்று வார்த்தையோடு நிறுத்தினால் தேவலை. நீள வார்த்தையில் மொத்தமாகப் பூட்டிக்கொள்கிறது. 'மை', 'ஐ' மாதிரிப் பொடி வார்த்தையில் மை-மை-மை என்று குதித்துத் தாண்டிவிடுகிறாள்.

அப்போதுதான் தமிழைப் பற்றி ஒன்று தோன்றியது. நாம் பேசும்போது 'நான்', 'நீ' எல்லாவற்றையும் முழுங்கிவிடுகிறோம். குதித்து ஏற முன்னால் சின்னப் படி ஒன்றும் கிடையாது. எடுத்த எடுப்பில் பெரிய வார்த்தை, அதன் பின்னால் கூட்ஸ் வண்டி மாதிரி ஒட்டு ஒட்டாக. 'குடுத்துட்டாங்களான்னு' என்பது ஒரே வார்த்தை, யோசித்துப் பாருங்கள். முக்கியமான வினைச்சொல்லோ கடைசியில்தான் வரும். அது வருவதற்குள் கேட்கிறவனுக்குப் பொறுமை போய் அவனே முடித்துவிடுவான். சரி, தமிழை நிறுத்தியது நல்லதுதான் என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

ஆனால் பாருங்கள், ஹிந்தியிலும் மாட்டினாள். மராட்டியிலும் மாட்டினாள். இங்கிலீஷில் வேறு இடத்தில் மாட்டினாள். மொழிக்கு மொழி இடம்தான் மாறியது.

நான் விடுவேனா? இங்கிலீஷில் இரண்டே வரி எழுதினேன். முழுப்பெயர், பிறகு 'ஐ ப்ரோக் தி கில்லா, ஐ ஆம் சாரி'. 'ப்ரோக்' வரவில்லை. 'டேமேஜ்' என்று மாற்றினேன். வரவில்லை. 'இட் வாஸ் மை மிஸ்டேக்' என்று மாற்றினேன். 'மிஸ்டேக்' வரவில்லை. அந்த இடத்தில் எந்த வார்த்தையைக் கொண்டுவந்து வைத்தாலும் அவள் அங்கே போய் நின்றுவிட்டாள். எழுத்தில்தான் கோளாறு என்று நான் எழுத்து எழுத்தாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நானும் சேர்ந்து சொன்னேன். ரெண்டு பேரும் ஒரே குரலில். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை, தண்ணீர் மாதிரி போனது. முழுப்பெயர்கூட. நான் எழுந்து நின்று கைதட்டினேன். "இப்ப தனியா சொல்லு" என்றேன் ஹிந்தியில்.

"மை-மை-மை நேம் இஸ் க..."

அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்து, நான் போட்ட தடையையே மறந்து, தமிழில் கத்தியும்விட்டேன். இப்பதானே சொன்ன, இப்பதானே வந்துச்சு, வேணும்னே பண்றியா என்று. அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அண்ணி எதையும் கீழே போடுகிற ஆள் இல்லை.

வானவடி

ஆபீஸில் ஒரு பெண் தன் அக்கா மகனைக் கூட்டிப்போன இடம் என்று வானவடியில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரைச் சொன்னாள். இரண்டு பஸ் மாறிப் போனோம், நான், அண்ணி, கார்த்திகா.

பயிற்சியாளருக்கு என் வயதுதான் இருக்கும். கார்த்திகாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து அவளோடு பிளாக் அடுக்கினார். பிறகு அண்ணியைப் பார்த்து, நீங்கள் இவளோடு கொஞ்ச நேரம் பேசுங்கள் என்றார்.

தமிழை நிறுத்திவிட்டோம் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

அவர் பிளாக்கைக் கீழே வைத்தார். "யார் சொன்னது?" என்றார் ஹிந்தியில்.

பிறகு கிடைத்தது பூசை. மொழி அதிகமானதால் திக்கல் வருவதில்லை, ஒரு மொழியைப் பிடுங்கினால் போவதும் இல்லை. நீளமான வார்த்தை, நீளமான வாக்கியம், எதிரில் அவசரப்படுகிற ஆள், இதெல்லாம் சேர்ந்தால் எந்த மொழியிலும் அதிகமாகும். அம்மாவுக்கு வருகிற ஒரே மொழியை எடுத்துவிட்டு அம்மாவைக் குழந்தையிடமிருந்து எடுத்துவிட்டீர்களே என்றார். நான் சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி பேசினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு. "இன்னா அடுக்கிக்கினு கீற, வீடா?"

கார்த்திகா வாயைத் திறந்தாள். நின்றது. நான் 'கோபுரமா' என்று ஆரம்பித்தேன். பயிற்சியாளர் என்னைப் பார்க்காமலே ஒரு கையைத் தூக்கினார், டிராஃபிக் போலீஸ் மாதிரி. அண்ணி காத்துக்கொண்டிருந்தார். சுவரையோ கடிகாரத்தையோ பார்க்கவில்லை, பிளாக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். "க-க-கடை" என்று வந்தது. அப்புறமும் அண்ணி உடனே பேசவில்லை. ஒரு மூச்சு விட்டுவிட்டு, "இன்னா கடை?" என்றார்.

பயிற்சியாளருக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் அரை மணி அதையே கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். உங்கள் அண்ணிக்கு நான் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை, உங்களுக்குத்தான் நிறைய இருக்கிறது என்றார். வேலை என்ன என்று கேட்டார். கஸ்டமர் கேர் என்றேன். எதிராளி பேசி முடிக்கும் முன்னால் பிரச்சினையைப் புரிந்துகொண்டு போன் காலை முடிக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டபோது போனில் மன்னிப்பைக் காட்டினேன். படித்துவிட்டு, கில்லாவை உடைத்ததாக அவள்தான் சொன்னாளா என்றார்.

"தலையாட்டினா" என்றேன்.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜன்னல் சீட்

திரும்பும்போது இரண்டாவது பஸ்ஸில் எனக்கு முன் சீட், அவர்கள் ரெண்டு பேரும் பின்னால். தீபாவளிக் கூட்டம். பஸ் ஊர்ந்தது.

பின்னால் அண்ணியின் குரல். "அந்த மண்ணு கோட்டை இன்னா ஆச்சு கண்ணு?"

பதில் வரவில்லை. ஒரு சிக்னல் விழுந்தது, எழுந்தது. நான் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று என் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்றது, ஆள் ஏறியது, கண்டக்டர் வந்துவிட்டுப் போனார். பின்னால் "ஒ... ஒ..." என்று அந்தச் சின்னச் சத்தம். அண்ணி 'சொல்லு சொல்லு' என்றுகூடச் சொல்லவில்லை.

"ஒ-ஒ-ஒடைக்கலம்மா நானு."

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மிச்சம் வர வாக்டேவாடி ஸ்டாப்வரை ஆயிற்று. துண்டு துண்டாக. இவள் போனபோதே சுவர் இடிந்து கிடந்திருக்கிறது. வீரர் பொம்மை ஒன்று தலைகீழாகக் கிடந்ததாம், அதை நிமிர்த்தப் போயிருக்கிறாள். கையில் மண். அப்போது மிஸ் வந்துவிட்டார். யார் என்று கேட்டதும் இவள் சொல்ல எழுந்திருக்கிறாள். சொல்வதற்கு முதலில் பெயர் சொல்ல வேண்டும். பெயர் வரவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நீயா என்றார் மிஸ். ஆமாம் என்று தலையாட்டினால் உட்கார்ந்துவிடலாம்.

எங்கள் சமையலறையிலும் அதேதான் நடந்தது என்று அவள் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டேன். செய்யாத தப்புக்கு ரெண்டு வாரம் மன்னிப்புக் கேட்கப் பழக்கியிருக்கிறேன், எழுத்தெல்லாம் பார்த்துப் பார்த்து மாற்றி.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. திரும்பினேன். "அப்ப யாருடி ஒடைச்சது? நீ பாத்தியா?"

கார்த்திகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தா பவி," என்றார் அண்ணி, "சும்மா குந்து."

முதல் நாள்

வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜிலிருந்து தாளைக் கிழித்தேன். மூலையில் பசை மட்டும் போகவில்லை, இன்னும் இருக்கிறது.

மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். அவள் உடைக்கவில்லையாம் என்றேன். மிஸ் யோசித்தார். நீங்கள் சொல்லி நான் எப்படி வகுப்பில் சொல்வது, அவளே சொல்லட்டும் என்றார். நியாயம்தான். முழுப்பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், அவள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்பதையும் சொன்னேன்.  இனிமேல் அந்த வகுப்பில் யாருக்கும் அந்த ரூல் இல்லை என்றார். மனுஷி ஒரே போனில் மாறினார். நான் மாற எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள்.

லீவு முடிந்த முதல் நாள் நானும் அண்ணியும் வகுப்பு வாசலில் நின்றோம். உள்ளே புது நோட்டு வாசனை, மருதாணிக் கைகள். மிஸ் கூப்பிட்டார். கார்த்திகா முன்னால் வந்து நின்றாள். எந்த ஒத்திகையும் இல்லை. என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. இதைவிட மோசமான நிலைமையை நான் பார்த்ததில்லை.

"ஐ-ஐ-ஐ டிட் நாட்..." என்று வந்தது. அங்கே நின்றது.

பின் பெஞ்சில் ஒருவன் சிரித்தான். எனக்கு நாக்கு நுனியில் வார்த்தை தயார். ஒரே வார்த்தை, சொல்லிவிட்டால் முடிந்துவிடும். வாய் திறந்தும்விட்டேன். அண்ணி என் துப்பட்டாவைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். கழுத்து இறுகி இருமல்தான் வந்தது.

காத்திருந்தோம். மிஸ்ஸும் காத்திருந்தார். ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"...பிரேக் தி கில்லா" என்று முடித்தாள்.

மிஸ் தலையசைத்தார். பிறகு, எந்த டீச்சரும் கேட்கிற மாதிரி, அப்படியென்றால் யார் உடைத்தது, உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

இதற்கும் நேரம் ஆயிற்று. ஆனால் அவள் கீழே பார்க்கவில்லை. "ஐ-ஐ நோ. ஐ வி-வி-வில் நாட் டெல்."

சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் அண்ணி கேட்டார், "இன்னா சொன்னா?"

"அவ ஒடைக்கலியாம் அண்ணி. யாருன்னு தெரியுமாம். ஆனா சொல்ல மாட்டாளாம்."

அண்ணி கொஞ்சம் நடந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார், அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. "எங்கிட்டயும் சொல்லமாட்டன்னுட்டா" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்து வண்டியை நிறுத்தியபோது கார்த்திகா வாசல் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்ல அத்தை மாதிரி, மெதுவாக, ஒரு மூச்சு விட்டுவிட்டுக் கேட்டேன். "அந்தக் கில்லாவ ஒடைச்சது யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"க... க..."

என் மூளைக்குள் பஸ்ஸர் அடித்தது. கிளாஸில் யாருக்கெல்லாம் அந்த எழுத்தில் பெயர் என்று ஓடியது. காவ்யாவா, கரணா, கனிஷ்காவா. உதட்டைக் கடித்துக்கொண்டேன். எடுத்துக் கொடுக்கவில்லை. கண்ணை மட்டும் அவள்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு லோக்கல் டிரெயின் முழுசாகப் போய் முடிந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் நான் வாயை மூடியிருந்ததே இல்லை.

"க-க-கேக்காத அத்தை" என்றாள்.